மெய்நிகர் இயந்திரமும் காலக்குறிப்புள்ள கையேடும்: தேனி மாவட்டக் கணினித் தமிழ் ஆவணங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒருங்குறிக்கு முற்பட்ட காலத்தில் கணினியில் உருவான தமிழ் ஆவணங்களை அவற்றின் மூல வடிவிலேயே படிப்பதற்கு மெய்நிகர் இயந்திரம் தக்க கருவியாகும். அக்கருவியை அமைப்பதற்கு, பயன்படுத்தும் மென்பொருளின் பதிப்போடு பொருந்தும் கையேடு தேவை. மெய்நிகராக்கத்தின் வரலாற்றையும் அதன் கையேடுகளின் வரலாற்றையும் இணைத்து நோக்கி, தமிழில் எழுதப்படும் தொழில்நுட்ப வழிகாட்டிகள் பதிப்பெண்ணும் சரிபார்த்த நாளும் தாங்கியிருக்க வேண்டியதன் காரணத்தை இக்கட்டுரை நிறுவுகிறது. வைகை அணையின் நீர் மேலாண்மை நடைமுறை இதற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், கையேடு, எழுத்துருக் குறியேற்றம், பேஜ்மேக்கர், வைகை அணை, தேனி மாவட்டம்.

முன்னுரை

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம் 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறியேற்றத் தரமாக ஏற்றது 2010ஆம் ஆண்டில் ஆகும். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளே இம்மாவட்டம் தன்னைப் பற்றித் தானே எழுதத் தொடங்கிய காலம். வைகை அணை திறக்கப்பட்டு 50 ஆண்டுகள் நிறைவுற்ற 2009ஆம் ஆண்டும் இக்கால எல்லைக்குள் அடங்குகிறது.

அக்காலத்தில் தமிழ் அச்சுப்பணி பெரும்பாலும் எட்டு பிட் எழுத்துருக்களைக் கொண்டு, பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் நடைபெற்றது. ஊர் வரலாறுகள், விழா மலர்கள், கருத்தரங்கத் தொகுப்புகள், முனைவர்பட்ட ஆய்வேடுகள் எனப் பலவும் இவ்வாறே உருப்பெற்றன. அச்சுப்படி கிடைக்கும் நூலுக்கு இடர் இல்லை. அச்சுப்படி தொலைந்து, குறுவட்டில் கோப்பு மட்டும் எஞ்சியிருக்குமானால் அதனை எவ்வாறு படிப்பது என்னும் வினா எழுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பாசனம், வேளாண்மை, குடியேற்றம் ஆகியவற்றை ஆராய்வோர் இனிவரும் ஆண்டுகளில் இவ்வினாவை மிகுதியாக எதிர்கொள்ள நேரும்.

எட்டு பிட் எழுத்துருவின் இயல்பை முதலில் தெளிவுபடுத்துதல் தகும். ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகளாவிய தனி எண் உண்டு. பழைய எழுத்துருக்களிலோ, ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் உருவாயின. இணையத்தில் திஸ்கி குறியேற்றமும் வழக்கில் இருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இக்கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

வெறும் உரையை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இன்று உள்ளன. ஆயினும் அட்டவணை, அடிக்குறிப்பு, படவிளக்கம், பத்தி அமைப்பு ஆகியவற்றோடு பக்கத்தை உள்ளவாறே காண்பதற்கு மூல மென்பொருளே வேண்டும். பேஜ்மேக்கரின் வளர்ச்சி அதன் 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கு முற்பட்ட தலைமுறையைச் சேர்ந்த 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் இயக்காது. எனவே பழைய இயங்குதளத்தையே புதிய கணினிக்குள் நிறுவிக்கொள்ளும் வழியை நாட வேண்டியுள்ளது. அவ்வழியே மெய்நிகர் இயந்திரம் ஆகும்.

மெய்நிகர் இயந்திரத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பகிர்ந்தளித்து, அதனுள்ளே பல தனிக்கணினிகள் இயங்குவதுபோன்ற நிலையை உருவாக்குவதே மெய்நிகராக்கம். அடிப்படையான கணினியின் இயங்குதளம் புரவலர் எனவும், அதனுள் இயங்கும் இயங்குதளம் விருந்தினர் எனவும் வழங்கப்படும். விருந்தினராக இருக்கும் இயங்குதளம், முழுக் கணினியும் தனக்கே உரியது என்னும் நிலையில் இயங்குகிறது.

இக்கருத்து 1960களில் வடிவம் பெற்றது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் 1964இல் சிபி-40 என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. விலை மிகுந்த ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்துவதற்கான நேரப்பகிர்வு முறையைச் செம்மைப்படுத்துவதே அதன் நோக்கம். வைகைப் பாசனப் பகுதியினர்க்கு இம்முறை புதிதன்று. நீர் குறைந்த காலத்தில் மடைகளுக்கு முறை வைத்து நீர் விடுவர். ஒவ்வொரு வயலும் தன் முறையில் முழு நீரையும் பெறும். செயலியும் இவ்வாறே ஒவ்வொரு விருந்தினர்க்கும் முறை வைத்து அளிக்கப்படுகிறது. முறை மாறும் விரைவு மிகுதியாதலால் பயனர் காத்திருப்பதை உணர்வதில்லை.

1972 ஆகத்து 2ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் விஎம்/370 என்னும் இயங்குதளத்தை வணிகப் பொருளாக அறிவித்தது. இதனை இயக்குவதற்கு நினைவக முகவரியை இயங்கும் வேளையிலேயே மாற்றித் தரும் வன்பொருள் தேவைப்பட்டது. 1970இல் அறிவிக்கப்பட்ட 370/155 வகைக் கணினியில் அவ்வன்பொருள் இல்லை. அதனைத் தனியே வாங்கி இணைக்க வேண்டியிருந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்டு, தென்னிந்தியக் கணினிக் கல்விக்குப் பெருந்துணையாக விளங்கியது இந்த 370/155 வகையே என்பது குறிப்பிடத்தக்கது. ‘370’ என்னும் ஒரே பெயரைத் தாங்கிய இரு கணினிகளுள் ஒன்று மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதாகவும் மற்றொன்று ஏலாததாகவும் இருந்தது. எந்த வகை, எந்தப் பதிப்பு என்று அறியாமல் கையேட்டைப் பின்பற்றவியலாத நிலை இத்துறையின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

ஒரு கணினி மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதா என்பதை அறியும் வரன்முறைகளைப் போபெக், கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974இல் வகுத்தனர். பின்னாளில் மேசைக் கணினிகளில் பரவிய இன்டெல் எக்ஸ்86 வகைச் செயலிகள் அவ்வரன்முறைகளை முழுமையாக நிறைவு செய்யவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இக்குறையை மென்பொருள் உத்தியால் கடந்து, 1999இல் தன் முதல் மேசைக்கணினி மென்பொருளை வெளியிட்டது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே மெய்நிகராக்க வசதியை இணைத்தன. 2007 சனவரியில் விர்ச்சுவல்பாக்ஸ் திறமூல மென்பொருளாக வெளிவந்தது. அடுத்த மாதமே கேவிஎம் என்னும் வசதி லினக்ஸ் கருவின் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த தொழில்நுட்பம் இவ்வாறாக மாணவரின் மடிக்கணினியை வந்தடைந்தது.

கையேடுகளின் வரலாறு

மென்பொருளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதன் கையேடுகள் அடைந்த மாற்றம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. விஎம்/370 காலத்துக் கையேடுகள் அச்சு நூல்கள். எந்த வெளியீட்டுக்கு அந்நூல் பொருந்தும் என்பது அதன் முன்பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். திருத்தம் நேரும்போது முழு நூலையும் மாற்றாமல், மாறிய பக்கங்கள் மட்டும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. பயனர் பழைய தாளை நீக்கிப் புதிய தாளைக் கோப்பில் செருகிக்கொள்வார். மாறிய வரிகளின் இடப்பக்கத்தில் செங்குத்துக் கோடு இடப்பட்டிருக்கும். படிப்பவர் எது பழையது, எது புதியது என்பதை ஒரே பார்வையில் அறிந்தார்.

யூனிக்ஸ் மரபில் கையேடு கணினிக்குள்ளேயே இடம்பெற்றது. அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளைத் தாங்கியது. இன்றும் லினக்ஸ் பொதிகளில் மென்பொருளோடு கையேட்டுப் பக்கங்களும் சேர்ந்தே நிறுவப்படுவதால், இரண்டின் பதிப்பும் ஒன்றாக அமைகின்றன. இணையம் பரவிய பின் இவ்விணைப்பு தளர்ந்தது. மென்பொருள் ஒருபுறமும் அதன் விளக்கம் மறுபுறமும் இருக்கும் நிலை உருவாயிற்று. தேடுபொறி தரும் பக்கங்களுள் பல, எந்தப் பதிப்பைக் கருதி எழுதப்பட்டவை என்பதைத் தெரிவிப்பதில்லை.

நிறுவனங்களின் உடைமை மாற்றமும் இதனைச் சிக்கலாக்கியது. விர்ச்சுவல்பாக்ஸை உருவாக்கிய செருமனியின் இன்னோடெக் நிறுவனத்தை 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. விஎம்வேர் 2004இல் இஎம்சியின் வசமும், 2016இல் டெல்லின் வசமும் சென்று, 2021இல் தனி நிறுவனமாகப் பிரிந்து, 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் பின்னர் விஎம்வேர் ஆவணங்கள் பிராட்காமின் தளத்துக்கு இடம்பெயர்ந்தன; உரிம விதிகளும் மாறின. கட்டணம் செலுத்த வேண்டியிருந்த ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 மே மாதத்தில் தனிப்பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் அனைவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று. 2022இல் எழுதப்பட்ட நல்லதொரு வழிகாட்டி, அன்று முழுவதும் சரியாக இருந்திருப்பினும், இன்று உரிமம் குறித்தும் பதிவிறக்கும் இடம் குறித்தும் பிழையான செய்தியையே தரும்.

வைகை அணை: அளவுகோலும் அதன் பொருளும்

நிலைத்த கட்டுமானத்துக்கும் மாறும் குறிப்புக்கும் உள்ள உறவை விளக்க வைகை அணை துணைசெய்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகில் அமைந்த இவ்வணையை 1959 சனவரி 21இல் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். அணையின் உயரம் 111 அடி. நீர்த்தேக்க அளவு 71 அடி. இவ்வெண்கள் அன்று முதல் மாறவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டல் படிந்துள்ளதால், அதே 71 அடியில் இன்று தேங்கும் நீரின் அளவு 1959இல் தேங்கிய அளவாக இல்லை. அளவுகோல் காட்டும் எண் ஒன்றே. அதன் பொருள் மாறிவிட்டது. ஆகையால் எந்த ஆண்டு அளவாய்வின்படி என்னும் குறிப்பின்றி, நீர்மட்டத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிடுதல் பிழையாகும்.

நீர் திறப்பும் இவ்வாறே. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பெரியாறு அணையிலிருந்தும், அதற்குக் கீழுள்ள பகுதிகளுக்கு வைகை அணையிலிருந்தும் நீர் திறக்கப்படும்போது, எந்த நாள் முதல், எத்தனை நாள், வினாடிக்கு எத்தனை கன அடி, எந்தப் பாசனப் பரப்புக்கு என்பன ஆணையில் குறிக்கப்படுகின்றன. சென்ற ஆண்டின் ஆணையைக் கொண்டு இவ்வாண்டு மதகைத் திறப்பார் எவருமில்லை. அதே வேளை பழைய ஆணைகள் அழிக்கப்படுவதுமில்லை. வரலாற்றாய்வாளர்க்கு அவையே சான்றுகள். நாள் குறிக்கப்பட்டிருப்பதால், பழையதும் புதியதும் ஒன்றையொன்று குழப்பாமல் உடனிருக்கின்றன.

கணினிக் கையேட்டுக்கும் இவ்விரு பண்புகள் பொருந்தும். மென்பொருளின் பெயரும் அமைப்புப் பட்டியலின் சொற்களும் பல்லாண்டு மாறாதிருக்கலாம். அவற்றின் கீழுள்ள செயற்பாடு மாறிவிடுகிறது.

பதிப்பறியா வழிகாட்டியின் விளைவுகள்

விர்ச்சுவல்பாக்ஸின் வரலாற்றிலிருந்து மூன்று சான்றுகளைக் காட்டலாம். முதலாவது, 32 பிட் புரவலர் பற்றியது. 2018 திசம்பரில் வெளிவந்த 6.0 பதிப்பு முதல் 32 பிட் புரவலர் இயங்குதளங்களுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. 2012இல் எழுதப்பட்ட வழிகாட்டியைப் படித்து, பழைய 32 பிட் மடிக்கணினியில் இன்றைய பதிப்பை நிறுவ முயல்வோர் தொடக்கத்திலேயே தடைபடுவர்.

இரண்டாவது, செயலியின் மெய்நிகராக்க வசதி பற்றியது. முற்காலப் பதிப்புகளில் இவ்வசதி இல்லாத செயலியிலும் 32 பிட் விருந்தினரை மென்பொருள் வழியாகவே இயக்க முடிந்தது. எனவே அக்கால வழிகாட்டிகள் இதனை விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம் எனக் குறித்தன. 2019 திசம்பரில் வந்த 6.1 பதிப்பில் மென்பொருள் வழி நீக்கப்பட்டு, இவ்வசதி கட்டாயமாயிற்று. பல கணினிகளில் இது தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும் வேளையில் பயாஸ் அமைப்புக்குள் சென்று இயக்க வேண்டும். இதனை அறியாதவர் கணினியே பழுதுற்றது எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது, விண்டோஸில் உள்ள ஹைப்பர்-வி பற்றியது. அதனை இயக்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் இயங்காது என்பது நெடுநாள் விதி. 6.0 பதிப்பு முதல் ஹைப்பர்-வியின் மீதே இயங்கும் வாய்ப்பு ஏற்பட்டது. எனினும் வேகம் குறையலாம். ‘இயங்காது’ என்பதும் ‘இயங்கும், ஆனால் மெதுவாக’ என்பதும் முரண்பட்ட கூற்றுகளாகத் தோன்றினும், தத்தம் பதிப்புக்கு இரண்டும் உண்மையே. பதிப்பெண் இல்லாதபோதுதான் அவை முரண்படுகின்றன.

பழைய தமிழ்க் கோப்பைப் படிக்க விழைவோர் மேற்கொள்ள வேண்டிய அமைப்பினையும் இங்குச் சுருங்கச் சுட்டலாம். விருந்தினராக விண்டோஸ் எக்ஸ்பியைக் கொள்ளின், அதற்குச் சிறிதளவு நினைவகமே போதும். இன்றைய இயங்குதளத்துக்கு ஒதுக்குமளவு தேவையில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆதலால் மெய்நிகர் வலைத்தொடர்பை அணைத்துவிடுதல் வேண்டும். கோப்புகளைக் குறுவட்டுப் படிமமாக்கி உள்ளே அனுப்புவது பாதுகாப்பானது. எழுத்துரு, பேஜ்மேக்கர் ஆகியவற்றை நிறுவிய உடனே, அந்நிலையைப் பதிந்து வைக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டால், பின்னர் பிழை நேரினும் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். மூலக் குறுவட்டின் படியை மாற்றாமல் தனியே காத்தலும், இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் உரிய உரிமம் பெற்றிருத்தலும் இன்றியமையாதன. பக்கங்களைப் பிடிஎஃப் வடிவில் வெளிக்கொணர்ந்த பின், உரையைத் தனியே ஒருங்குறிக்கு மாற்றி இரண்டையும் ஒருசேரப் பேணலாம்.

தமிழ்ச் சொல்வழக்கும் தேடலும்

தமிழில் தேடுவோர்க்குக் கலைச்சொல் மற்றொரு தடையாகிறது. ‘விர்ச்சுவல்’ என்னும் சொல் தமிழில் மூன்று தடங்களில் வழங்கியுள்ளது. பள்ளி இயற்பியல் நூல்களில் கண்ணாடியில் தோன்றும் உருவத்துக்கு ‘மாய பிம்பம்’ என்னும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. 2001இல் தமிழ்நாட்டு அரசு நிறுவிய ‘தமிழ் விர்ச்சுவல் யுனிவர்சிட்டி’ தமிழில் ‘தமிழ் இணையப் பல்கலைக்கழகம்’ எனப் பெயர் பெற்றது. பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. கணினித் துறையில் ‘மெய்நிகர்’ என்னும் சொல் இன்று நிலைபெற்று வருகிறது.

‘மாய’ என்பது இல்லாததைச் சுட்டும். ‘இணைய’ என்பது தொலைவிலிருந்து கிடைப்பதைச் சுட்டும். ‘மெய்நிகர்’ என்பது மெய்யானதற்கு ஒத்துச் செயற்படுவதைச் சுட்டும். போபெக், கோல்ட்பர்க் வகுத்த வரன்முறைகளுள் முதன்மையானது, விருந்தினர் நிரல் உண்மைக் கணினியில் இயங்குவதற்கு ஒப்பவே மெய்நிகர் இயந்திரத்திலும் இயங்க வேண்டும் என்பதாகும். அவ்வகையில் ‘மெய்நிகர்’ என்பதே பொருத்தமான ஆக்கம். ஆயினும் எழுத்துப்பெயர்ப்பாக ‘விர்ச்சுவல் மெஷின்’ என எழுதுவோரும் உளர். ஒரு வழிகாட்டியில் இவ்விரு வடிவங்களும் ஒருமுறையேனும் இடம்பெற்றால் தேடுவோர் அதனைக் கண்டடைவர்.

தமிழில் இத்துறை எழுத்துக்கு முன்முயற்சிகள் உள்ளன. 2012 சனவரி முதல் வெளிவந்த ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் தொடர்ந்து வழங்கியது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பயிற்சித் திட்டம் தமிழிலும் பாடங்களை அளிக்கிறது. இத்தகைய முயற்சிகள் தமிழில் எழுத இயலும் என்பதை ஐயமின்றிக் காட்டியுள்ளன. எழுதியதைப் பதிப்புதோறும் திருத்தும் பொறுப்பை நிறுவன அளவில் ஏற்பது அடுத்த கட்டமாகும். தன்னார்வலர் ஒருவர் எழுதிய கட்டுரையை அவரே வாழ்நாள் முழுதும் திருத்த வேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நூலகங்களும் இப்பணியில் பங்கேற்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மெய்நிகர் இயந்திரம் மென்பொருளை வன்பொருளின் முதுமையிலிருந்து காக்கிறது. ஆனால் அதனை அமைப்பதற்கான அறிவு பதிப்புதோறும் மூப்படைகிறது. எனவே ஆவணக் காப்பகம் ஒன்று பழைய இயங்குதளத்தின் வட்டுப் படிமத்தைப் பேணும்போது, அதனை இயக்கிய மென்பொருளின் பதிப்பெண்ணையும் அப்பதிப்புக்குரிய கையேட்டையும் எழுத்துருக் கோப்புகளையும் உடன்வைத்துப் பேண வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் தன் கையேட்டை மென்பொருளோடு சேர்த்தே வழங்குவதால் இது எளிதில் கைகூடும்.

இரண்டாவதாக, தமிழில் வெளியாகும் ஒவ்வொரு தொழில்நுட்ப வழிகாட்டியின் தலைப்பின் கீழும் மென்பொருளின் பதிப்பு, புரவலர் மற்றும் விருந்தினர் இயங்குதளங்கள், இறுதியாகச் சரிபார்த்த நாள் ஆகிய மூன்றும் இடம்பெறுதல் வேண்டும். ஐபிஎம் கையேடுகளின் முன்பக்கமும் நீர் திறப்பு ஆணையின் வாசகமும் இதற்கு முன்மாதிரிகள். காலங்கடந்த வழிகாட்டியை நீக்காமல், அது எந்தப் பதிப்பு வரை செல்லும் என்பதைக் குறித்து வைத்தல் நன்று. பழைய கணினி வைத்திருப்போர்க்கு அதுவே பயன்படும்.

மூன்றாவதாக, தேனி மாவட்டத்தின் முதற்பத்தாண்டு எழுத்துகள் இன்னும் அச்சகங்களின் குறுவட்டுகளிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கும் காலம் இது. குறுவட்டுகள் நாளடைவில் படிக்கவியலாத நிலையை அடைவன. ஆதலின் அவற்றைப் படிமமாக்கும் பணியை முதலிலும், மெய்நிகர் இயந்திரத்தில் திறந்து ஒருங்குறியாக்கும் பணியை அடுத்தும் மேற்கொள்வது தக்க வரிசையாகும். மாவட்ட மைய நூலகமும் வட்டாரக் கல்லூரிகளும் இணைந்தால், இன்று கிடைக்கும் கட்டணமில்லா மென்பொருள்களைக் கொண்டே இப்பணியைத் தொடங்கலாம்.